பகரத்துக்குப் பின் வரும் காற்று

என் தங்கச்சியின் மகள் நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலின் ரிசெப்ஷனில் வேலை செய்கிறாள். வாகனத்தை எங்கே விடலாம் என்று கேட்ட வெளிநாட்டுக்காரருக்கு, பார்க்கிங் பின்பக்கம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் முழித்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல். அந்த இரண்டு சொற்களையும் தமிழில் எழுதிக் காட்டவும் வழியில்லை, இரண்டுக்கும் நமக்கு ஒரே பகரம்தான். அன்று பின்னேரம் வந்து, "மாமா, எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா கதைக்க வெளிக்கிட்டாப் பயமா இருக்கு" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பழம்' என்று சொல்லுங்கள். தாள் அசையாது. ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் 'பார்க்கிங்' என்றால் தாள் துள்ளும். உதடு திறந்த பிறகு, குரல்நாண்கள் அதிரத் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் வெறும் காற்றுத்தான் வெளியேறுகிறது. 1964 இல் லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. 'பார்க்கிங்'கில் வரும் ஆங்கிலப் பகரத்துக்கு ஏறத்தாழ 60 மில்லி செக்கன். தமிழ்ப் பகரத்துக்கு வெறும் 12 அளவில். அவ்வளவு குறுகிய இடைவெளியைக் கேட்டால் ஆங்கிலக் காது அதை மற்ற ஓசையாக, அதாவது குரைப்பதைக் குறிக்கும் சொல்லின் முதல் ஓசையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த மற்ற ஓசை நம் வாயிலும் இருக்கிறது. 'கம்பம்' சொல்லிப் பாருங்கள், மகரத்துக்குப் பின்னால் அது தானாக வரும். ஆனால் தமிழ்ச் சொற்களில் அது பொருளை மாற்றாது, அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

சரி, எதைக் கவனிப்பது என்று காதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டுப் பேச்சுத்தான், அதுவும் நடக்கப் பழகும் முன்பே. 1984 இல் ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகர, டகர ஓசைகளைக் கேட்கக் கொடுத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைப் பிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. நம் வீட்டுக் குழந்தைக்குச் சிரமமே இல்லாத 'பாத்தி', 'பாட்டி' வேறுபாடு அந்த வெளிநாட்டுக்காரரின் காதுக்கு எட்டுவது கஷ்டம். அவள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உச்சரிப்பு வேறு, விளங்குவது வேறு. 1995 இல் மன்றோ, டெர்விங் இருவரும் சீன மொழிக்காரர் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குப் போட்டு, கேட்டதை எழுதச் சொன்னார்கள். உச்சரிப்பு மிகவும் அந்நியமாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களே பல வசனங்களை ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினார்கள். கேட்பவரின் காதும் சும்மா இருப்பதில்லை. 2004 இல் கிளார்க், கரெட் செய்த ஆய்வில், அந்நிய உச்சரிப்பைக் கேட்பவர் முதலில் தடுமாறினாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பெருமளவு பழகிக்கொள்கிறார். மூதூர்ப் பேச்சையும் கிண்ணியாப் பேச்சையும் ஒரே பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகும் நமக்கு இது புதினமில்லை.

ஆனால் பயம் அந்த ஒரு நிமிடத்தைக் கெடுத்துவிடுகிறது. ஒரு நேரத்தில் மனம் தாங்கும் வேலை கொஞ்சம்தான். நாக்கு எங்கே படுகிறது என்று கண்காணிக்கப் போனால், சொல்ல வந்ததைக் கோக்க இடம் போதாது. குரல் தாழும், வேகம் கூடும். கேட்பவருக்குப் பழக அவகாசம் தேவைப்படும் அதே நேரத்தில் அவசரமாக முடித்துவிடுகிறோம். அதனால் அவளிடம் முதல் இரண்டு வசனங்களை ஆறுதலாகச் சொல்லச் சொன்னேன். வணக்கமும் பயணம் பற்றிய விசாரிப்பும் போதும், முக்கியமான செய்தி அதற்குப் பிறகு வரட்டும்.

அப்புறம் அழுத்தம். இதைத்தான் நான் ஓசைகளை விடப் பெரிதாக நினைக்கிறேன். 'ரிசேர்வேஷன்' என்ற சொல்லில் ஆங்கிலம் 'வே'யை உயர்த்தி நீட்டி, மற்ற அசைகளைச் சுருக்கிவிடும். நாம் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலக் காது சொல்லை அடையாளம் காண அந்த உயர்ந்த அசையைத் தேடும். சுருக்குவது நமக்குப் புதிதும் இல்லை. 'பசு'வில் முழுதாக ஒலிக்கும் உகரம் 'பந்து'வில் அரை மாத்திரையாகக் குறைகிறதே, அந்தக் குற்றியலுகரத்தைப் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறோம்.

அவள் இப்போது 'வே' வரும்போது மேசைக்கு அடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறாள். 'பார்க்கிங்' சொல்லிப் பழக ரிசெப்ஷனில் கிடக்கும் பில் தாளே போதுமாம்.