மொட்டை மாடிக்குக் கைபேசிக் கட்டுப்பாடு: ஒயரும் தண்ணீரும் முதலில், செயலி கடைசியில்

அல்சூர், இந்திராநகர், ராமமூர்த்தி நகர் என்று பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் மொட்டை மாடியையோ வீட்டு முற்றத்தையோ சீரமைக்க அழைக்கும் தமிழ்க் குடும்பத்தினர் இப்போது பெரும்பாலும் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதில் பந்தலில் கோத்த விளக்குகள் ஒரு தொடுதலில் எரிகின்றன, செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் பாய்கிறது, கார் வந்ததும் கேட் திறந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மாலை நேரம் வெளியே உட்காரத் தகுந்ததாக இருப்பதால், அந்த ஆசை மிகவும் நியாயமானது. ஆனால் காணொளியில் தெரியாத ஒயர், எர்த், குழாய், வடிகால் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டிய பணத்தைச் செயலிக்கும் அலங்கார விளக்குக்கும் செலவழித்துவிட்டு, ஒரு மழைக்காலம் முடிந்ததும் வழி கேட்டு வருபவர்களை அதிகம் பார்க்கிறேன். வீட்டின் உள்ளும் புறமும் வடிவமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில், வேலையைத் தொடங்கும் முன்பே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மின்சாரம். அல்சூரில் ஒரு வீட்டில், மாடிக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்த இரும்புக் கிராதியில் பொருத்திய விளக்குகள் மழை பெய்தால் அணைந்துவிடுகின்றன, செயலியில் ஏதோ கோளாறு என்று அழைத்திருந்தார்கள். கிராதியில் டெஸ்டரை வைத்ததும் டெஸ்டரின் விளக்கு எரிந்தது, அதாவது இரும்பிலேயே மின்சாரம் இருந்தது. விளக்கைக் கழற்றிப் பார்த்தால், கீழ்ப்பக்கம் கேபிள் நுழைவதற்கென்றே இருந்த கிளாண்டை விட்டுவிட்டு, மேல்பக்கத்தில் சூடான கம்பியால் துளை போட்டு ஒயரை இறக்கி, சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். வெயிலில் சிலிக்கான் விலகி, உள்ளே எறும்புப் புற்றும், செப்புக் கம்பியின் முனையில் பச்சை பூத்த களிம்பும் இருந்தன. கூட வந்திருந்த கிருஷ்ணகிரிப் பையன், "சார், ஃபிட்டிங் ஐபி 65தான், பாக்ஸிலேயே போட்டிருக்கு" என்றான். அவன் சொன்னது உண்மை. அந்த எண்ணில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் தண்ணீரையும் குறிக்கும். 65 என்றால் தூசி புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஆனால் அந்தத் தரம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருக்கும் பெட்டிக்குத்தான். அதில் நாம் ஒரு துளை போட்ட அந்த நிமிடமே அது இல்லாமல் போய்விடுகிறது. கேபிள் எப்போதும் கீழிருந்து நுழைய வேண்டும். நுழையும் முன் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால், ஒயர் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அந்த வீட்டில் என்னை அதிகம் பதற வைத்தது, மாடிக்குப் போகும் லைனில், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி இல்லாததுதான். எம்சிபி இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எம்சிபி, ஒயர் சூடேறி எரிந்துவிடாமல் காப்பதற்கானது. ஈரக் கையோடு கிராதியைத் தொடும் குழந்தையின் உடல் வழியே பாயும் சிறிய மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்து, அது 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்சிசிபி. மாடி, தோட்டம், கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். அப்படித் தனியாக இருந்தால், மழையில் வெளியே ஒரு விளக்கு கசிந்தாலும் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் நிற்காது. அதில் உள்ள 'டி' என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் துண்டிக்கவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். கிராதி, பந்தல் போன்ற இரும்பு வேலைகள் அனைத்தையும் எர்த்தோடு இணைப்பதும், சிறிய குளத்துக்கோ நீரூற்றுக்கோ உள்ளே வைக்கும் விளக்குகளை 230 வோல்ட்டில் வைக்காமல் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டில் இயக்குவதும் கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களின் இடிமழை இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதால், மெயின் போர்டில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவியும் இருக்கட்டும். நீளமான வெளிப்புற கேபிளின் முனையில் இருக்கும் கேமராவும் கேட் மோட்டாரும்தான் மின்னலின் பாதிப்பில் முதலில் போகின்றன.

அடுத்து, செயலியைப் பார்த்தே வாங்குபவர்கள் கேட்க மறந்துபோகும் ஒரு கேள்வி உண்டு: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இந்தக் கருவி எந்த நிலையில் இருக்கும்? கைபேசியால் இயக்கும் பெரும்பாலான சுவிட்சுகளில், மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்கே போக வேண்டுமா என்று தேர்வு செய்ய ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தொடாமல் விட்ட வீடுகளில் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் மாடி விளக்குகள் அத்தனையும் எரிகின்றன. அது தொல்லை மட்டும்தான். மோட்டார் தானாக ஓடத் தொடங்கினால் அது ஆபத்து. மோட்டார், நீர் வால்வு, ஹீட்டர் ஆகியவற்றுக்கு எப்போதும் 'அணைந்த நிலை' என்றே வையுங்கள்.

ஒரு குதிரைத்திறன் மோட்டாரை எஸ்.பி. ரோட்டு மின்சாதனக் கடையில் வாங்கிய, கைபேசியால் இயக்கும் பத்து ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுவதையும் அடிக்கடி காண்கிறேன். ஓடும்போது அது எடுக்கும் மின்னோட்டம் பிளக்கின் அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் புறப்படும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் பிளக்கின் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் செயலி 'அணைந்தது' என்று காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கைபேசி சுவிட்ச் கான்டாக்டர் என்ற, அதிக மின்னோட்டம் தாங்கும் சுவிட்சை மட்டும் இயக்க வேண்டும், கான்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும். சம்ப் என்ற நிலத்தடித் தொட்டி வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பும் அதனுடன் இருப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதனால் சொட்டு நீர் அமைப்பை முதலிலேயே மழைநீர்த் தொட்டியோடும், துணி துவைத்த நீரை வடிகட்டிச் சேர்க்கும் தொட்டியோடும் இணைக்கும்படி வரைவதே என் வழக்கம். கணக்கும் எளிது. மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான்கள் 50 செடித் தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 லிட்டர் போதும். அதே அமைப்பில் வால்வு மூடாமல் போனால் எட்டு மணி நேர இரவில் 800 லிட்டர் வீணாகும்.

வால்வு ஏன் மூடாமல் போகிறது என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். கைபேசி டைமருடன் விற்கப்படும், மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வுகளில் பெரும்பாலானவை, திறப்பதற்கும் மூடுவதற்கும் குழாயில் உள்ள நீரின் அழுத்தத்தையே துணைக்கு எடுத்துக்கொள்பவை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். நம் மேல்நிலைத் தொட்டியோ அதே மாடியில், செடிகளுக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கே கிடைப்பது 0.2 பார். அந்த அழுத்தத்தில் வால்வு அரைகுறையாகத் திறக்கும், அரைகுறையாக மூடும். குறைந்த அழுத்தத்திலும் நேரடியாக இயங்கும் சோலனாய்டு வால்வையோ, மோட்டாரால் திருகும் பந்து வால்வையோ கேட்டு வாங்க வேண்டும். பந்து வால்வில் இன்னொரு சிக்கல் உண்டு: திறந்திருக்கும்போது கரண்ட் போனால், சாதாரண வகை திறந்தபடியே நின்றுவிடும். கரண்ட் போனதும் தானாக மூடிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

மழை பெய்தால் நீர் பாய்ச்சலை நிறுத்தும் வசதியை, வானிலை அறிவிப்பை மட்டும் நம்பி விடாதீர்கள். ஒயிட்ஃபீல்டில் கொட்டும் மழை ஜெயநகரில் ஒரு சொட்டுகூட விழாமல் ஏமாற்றும் ஊர் இது. மாடியிலேயே ஒரு மழை உணரியும், மண்ணில் ஓர் ஈரப்பத உணரியும் இருக்க வேண்டும். மண்ணில் குத்தி வைக்கும் இரண்டு உலோகக் கம்பி கொண்ட மலிவான உணரி சில மாதங்களில் அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகை நீடித்து உழைக்கும். இதில் சேமிப்பைவிட முக்கியமான காரணம் எடை. மக்கள் நடமாடும் மொட்டை மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் குறிக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. ஈரம் ஊறிய மண்ணை 15 சென்டிமீட்டர் பரப்பினாலே அதைப்போல இரு மடங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். கையால் ஊற்றும்போது இடையிடையே காயும் மண், தவறாக அமைத்த டைமரால் எந்நேரமும் ஊறியே கிடக்கும். பாத்தி கட்டும் முன் ஒரு கட்டட அமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். விளக்குக்காகத் தளத்தைத் துளையிடவும் வேண்டாம். நீர்க்காப்புப் பூச்சு அந்த ஒரு துளையில்தான் முதலில் தோற்கும். ஒயர் செல்லும் கான்டுயிட் குழாய்கள் கைப்பிடிச் சுவர் வழியாகவே வரட்டும்.

கேட் பற்றிச் சொல்லும்போது நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். கண்ணால் பார்க்காத கேட்டை அலுவலகத்திலிருந்து கைபேசியால் மூடாதீர்கள். நகரும் இரும்புக் கதவின் பாதையில் ஒரு குழந்தையோ நாயோ நின்றால் உடனே நிறுத்தும் ஒளிக்கதிர் உணரி இல்லாத மோட்டாரை நான் எந்த வீட்டிலும் பொருத்த ஒப்புக்கொள்வதில்லை. மின்சாரம் இல்லாதபோது கையால் தள்ளித் திறக்க உதவும் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசல் கதவின் எண் பூட்டும் அப்படித்தான்: உள்ளிருந்து வெளியேற எந்தச் செயலியும் எண்ணும் தேவைப்படக் கூடாது.

ஒவ்வொரு விளக்குக்கும் சுவரில் கையெட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். தஞ்சாவூரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மா, மகன் கைபேசியோடு வேலைக்குப் போய்விட்டால் பால்கனி விளக்கைப் போட முடியாமல் இருட்டிலேயே துளசிக்கு விளக்கேற்றப் போவதாகச் சொன்னார். "தம்பி, எனக்கு ஒரு சாதா சுவிட்ச் போதும்ப்பா" என்று அவர் கேட்டதை நிறைவேற்றச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. பழைய வீடு என்பதால் சுவிட்ச் போர்டுக்கு, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயரே வரவில்லை. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் கைபேசி சுவிட்சுகள் உண்டு, ஆனால் சிறிய எல்இடி விளக்குகள் அவற்றில் அணைந்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது சிமிட்டும். ஒயரிங் செய்யும்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரலைக் கொண்டுவந்துவிட்டால் பிற்பாடு எந்த வகை சுவிட்சையும் பொருத்தலாம்.

கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரை நம்பியே எல்லாம் இயங்கும் அமைப்பையும் தவிர்க்கப் பாருங்கள். அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளை இயக்கும் ரிவால்வ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய பெட்டி பயனற்றதாயிற்று. 2022 ஏப்ரலில், இதே போன்ற வீட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. பயனர்களில் சிலரே பிறகு அதை வாங்கி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரத்துக்கு இணங்கும் கருவிகள், இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளக்கூடியவை. வாங்கும்போது அந்தக் குறியைத் தேடலாம். மாடிக்கு வைஃபை எட்டுமா என்பதையும் முன்பே சோதிக்க வேண்டும். கான்கிரீட் தளம் அலைகளை நன்றாக மறிக்கும். மாடிப்படி மேல் அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து, அங்கே வைஃபையைப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே நிலையான தீர்வு.

பாதுகாப்பு என்றதும் கேமரா வாங்குகிறார்களே தவிர, அந்தக் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றுவதில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கியதற்குக் காரணமான மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட வீட்டுக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றித்தான் தாக்குதலை நடத்தியது. ரூட்டரில் விருந்தினருக்கான தனி இணைப்பை உருவாக்கி இக்கருவிகளை அதில் மட்டும் சேருங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். முப்பதுக்கு நாற்பது அடி மனைகள் ஒட்டி நிற்கும் தெருக்களில், உங்கள் மாடிக் கேமரா எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்க்காதபடி திருப்பி வைப்பதும் உங்கள் பொறுப்பு.

கடைசியாக, வேலை முடிந்து ஒப்படைக்கும் நாள். கருவிகளைப் பொருத்த வந்தவர் அவசரத்தில் தன் கைபேசி எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு, உங்களுக்குப் பகிர்வு மட்டும் கொடுத்துவிட்டுப் போவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அப்படியானால் உங்கள் வீட்டு கேட்டின் உரிமையாளர் அவர்தான். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே சரிபாருங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற வரைபடத்தை வாங்கி மெயின் போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். அதன் பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருந்தவர் காலி செய்யும் அன்றே ஒவ்வொரு கருவியையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், முன்பு குடியிருந்தவரின் கைபேசியில் அந்தச் செயலி இன்னும் இருக்கும் வரை, வாசல் பூட்டு அவருக்கும் திறக்கும்.