மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தும் மதிப்பெண் ஏறவில்லை, ஏன்?

ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பெருநகரப் பள்ளிகளில் பணத்தைப் பரிசாகக் கொடுத்தால் படிப்பு கூடுமா என்று பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்காவில் சோதித்தார். முடிவுகள் 2011-இல் வெளியாயின. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தரப்பட்டது, மதிப்பெண் அசையவில்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகம் வாசித்து, அதன்மேல் ஒரு சிறு வினாத்தேர்வில் தேறினால் 2 டாலர். அங்கே ஆங்கிலத்தில் தேர்வெழுதியவர்களுக்கு வாசிப்புத் திறன் கூடியது. ஸ்பானிய மொழியில் எழுதியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

நியூயார்க் மாணவர்களுக்கும் ஆசை நிறையவே இருந்தது. ஆனால் மதிப்பெண்ணைக் கூட்ட என்ன செய்வாய் என்று கேட்டால், கேள்வியைக் கவனமாகப் படிப்பேன் என்கிற மாதிரி பதில்கள்தான் வந்தன. பாடப்புத்தகத்தைப் புரட்டுவது, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது பற்றிப் பேச்சே இல்லை. போகும் வழி தெரியாதவனுக்குப் பரிசைப் பெரிதாக்கிப் பயனில்லை.

உளவியலில் ஊக்கத்தைக் கிட்டத்தட்ட ஒரு பெருக்கல் கணக்காகவே பார்க்கிறார்கள். என்னால் முடியும் என்ற எதிர்பார்ப்பு ஒரு பக்கம், முடித்தால் எனக்கு என்ன என்ற மதிப்பு மறுபக்கம். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இதில் கழியும் செலவும் உண்டு: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, இரைச்சலில் கெட்ட தூக்கம், மாலை வேலை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மணி நேர வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம்தான். ஏழை வீட்டுப் பிள்ளை அதற்கு வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"பொறுமையில்லாத பிள்ளைகள்" என்பது இன்னொரு வழக்கமான புகார். 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அதை அசைத்துவிட்டது. ஆய்வாளர் 28 மழலைகளிடம் முதலில் படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொன்னார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார், மீதிப் பேரை ஏமாற்றினார். பிறகு, முன்னால் வைத்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது மிட்டாய் என்றதும், வாக்கு நிறைவேறக் கண்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறிக்கொண்டே இருக்கும் பள்ளியிலும், திருத்திய தாள் திரும்பி வராத வகுப்பிலும், உடனே கிடைப்பதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான்.

எனவே வாரத்துக்குள் நிறைவேற்ற முடிகிற சின்ன வாக்குகளிலிருந்து தொடங்குவது நல்லது. பரிசோ பாராட்டோ, மதிப்பெண்ணுக்கு அல்லாமல் மாணவன் கையிலிருக்கும் செயலுக்குப் போகட்டும்: தவறிய நான்கு கணக்குகளில் பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திரும்பப் போடுவது போல. எளிய வேலைக்குத் தாராளமாகப் பாராட்டுவது எதிர்விளைவைத் தரும். "உன்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கிறேன்" என்றே பிள்ளை அதைப் படிக்கிறது.

விமர்சனமும் எடுபடும். 2014-இல் வெளியான ஆய்வொன்றில், திருத்திய கட்டுரையோடு "உன்னிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் எட்ட முடியும் என்று தெரியும்" என்ற பொருளில் ஆசிரியரின் குறிப்பு இருந்தபோது, கறுப்பின மாணவர்களில் மறுபடி எழுதித் தந்தவர்கள் 17 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 70-க்கு உயர்ந்தார்கள். ஆய்வு சிறியது, எண்ணை அப்படியே எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லக் கூடாது. குறிப்பை மட்டும் அச்சடித்து எல்லாத் தாளிலும் ஒட்டினாலும் வேலை செய்யாது: ஓரத்தில் குறிப்பான திருத்தங்கள் இருக்க வேண்டும், மறுபடி எழுத நேரம் தர வேண்டும், எழுதியதை ஒருவர் திரும்பப் படிக்கவும் வேண்டும்.