ஸ்டெல்த்: களவா, கரவா, பதுங்கலா?

எதிரியின் கண்ணில் படாமல் காரியத்தை முடிக்கும் விளையாட்டு முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டெல்த்’ என்று பெயர். திருகோணமலையில் கேம் விளையாடும் பொடியன்கள் அந்தச் சொல்லை எப்போதோ தமிழாக்கிவிட்டார்கள். “சுடாதை மச்சான், களவாப் போ” என்பார்கள். யார் கண்ணிலும் படாமல் ஒரு கட்டத்தை முடித்தவன் “முழுக்கக் களவா முடிச்சிட்டன்” என்பான். அகராதி பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு அல்ல. ஆனாலும் ஆங்கிலச் சொல்லின் வேரையே அது தொட்டுவிடுகிறது.

திருடு என்று பொருள்படும் ‘ஸ்டீல்’ என்ற வினையோடு ஒட்டிப் பிறந்த பெயர்ச்சொல் ஸ்டெல்த். முதலில் அதற்குத் திருட்டு என்றே பொருள். பிறகு திருட்டு கழன்றுபோய், பிறர் அறியாமல் செய்வது மட்டும் மிஞ்சியது. தமிழில் ‘களவு’ம் இதே தடத்தில் நடந்த சொல்தான். தொல்காப்பியத்தில் களவியல் என்றொரு இயலே இருக்கிறது. ஊர் அறியாத காதல் ஒழுக்கம் பற்றியது அது. அங்கே எந்தப் பொருளும் திருட்டுப்போவதில்லை, மறைவு மட்டுமே உண்டு.

அப்படியானால் களவு என்றே எழுதிவிடலாமே? பேச்சில் ‘களவா’ அழகாக நிற்கிறது. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் இடறுகிறது. ‘களவு விளையாட்டு’ என்று எழுதிப் பாருங்கள், அளாப்பி, அதாவது ஏமாற்றி விளையாடுவது என்றே நம் ஆட்கள் எடுப்பார்கள். இங்கே கைகொடுக்கும் சொல் கரவு. ‘கர’ என்றால் ஒளி, மறை. காக்கை ‘கரவா’ கரைந்துண்ணும் என்ற குறளில் (527) இருப்பது இந்த வினையே. கண்ணுக்குப் புலப்படாத கோள்களைச் சோதிடத்தில் கரந்துறை கோள்கள் என்பார்கள். 288ஆம் குறளோ இரண்டு சொல்லையும் ஒரே அடியில் வைக்கிறது: ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’. களவு செயல், கரவு அதன் உள்ளே இருக்கும் மறைப்பு. வஞ்சகம் என்ற நிழலும் கரவுக்கு உண்டு. காவலாளியை ஏய்க்கும் விளையாட்டுக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்த வகை கேம்களுக்கு உருவம் கொடுத்த ஆண்டு 1998. ‘தீஃப்’, ‘மெட்டல் கியர் சொலிட்’, ‘டென்ச்சூ’ மூன்றும் அந்த ஆண்டில்தான் வந்தன. தீஃப் விளையாட்டின் நாயகன் திருடன். அதனால் அங்கே களவும் கரவும் ஒன்றாகவே போகின்றன. 2011இல் வந்த சைபர்பங்க் (மனித உடலோடு இயந்திரம் கலந்த எதிர்கால உலகம்) கதை விளையாட்டான ‘டேயஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவலூஷ’னில் நாயகன் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. அவன் பெரும்பாலும் திருடப் போவதில்லை. ஆக களவு விலகி, கரவு மட்டும் நிற்கிறது.

‘பதுங்கல்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. குந்தியிருந்து நகரும் அந்த ஒரு நிலைக்கு அச்சொல்லை ஒதுக்கிவைப்பதே நல்லது. பதுங்குகுழியோடு வாழ்ந்த ஊர்களில் அந்தச் சொல் வேறு நினைவையும் கிளறும். ‘ஒளிதல்’ இன்னொரு சிக்கல். தமிழில் ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் மறைந்துகொள். வெளிச்சத்தில் நின்றால் அகப்படும் ஒரு விளையாட்டை விளக்கும்போது “ஒளியில் ஒளியாதே” என்று எழுத வேண்டிவரும்.

இருட்டையும் கரவையும் ஒன்றாக எண்ணுவது புதியவர்கள் விடும் முதல் பிழை. தீஃபில் இருட்டே மறைப்பு, நீங்கள் எவ்வளவு தெரிகிறீர்கள் என்று திரையின் கீழே ஒரு மணிக்கல் காட்டும். ஹியூமன் ரெவலூஷனில் இருட்டுக்குப் பயனில்லை. காவலாளியின் பார்வைக்கோடும் காதும்தான் கணக்கு. இருண்ட மூலை என்று நம்பி அவன் முன்னால் நின்றால் அகப்படுவீர்கள். வெளிச்சமான கூடத்திலும் ஒரு பெட்டி இடையில் இருந்தால் போதும்.

கரவு எப்படி உடைகிறது என்பதைத் திருகோணமலையின் பிரெடரிக் கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்களிடம் பார்க்கலாம். ஆளுக்குப் பழகியவைதான். ஆனாலும் பின்பக்கமாகச் சருகை மிதித்து நெருங்கினால் முதலில் காது மட்டும் திரும்பும். அடுத்து தலை நிமிரும், முன்னங்கால் தரையைத் தட்டும். பிறகு வால் எழும்பி வெள்ளை தெரியும், கூட்டமே ஓடும். காவலாளிக்கும் இதே மூன்று படிகள்: அமைதி, ஐயம், விழிப்பு. ஒரு வேறுபாடு உண்டு. மானிடம் அசையாமல் நிற்க வேண்டும். கேமில் ஐயப்பட்டவன் சத்தம் வந்த இடத்துக்கே தேடி வருவான். அதனால் குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். பயத்தில் ஓடினால் காலடிச் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

மயக்கி வீழ்த்தியவனை அப்படியே விட்டுப் போவது அடுத்த பிழை. வேறொரு காவலாளி அவனைக் கண்டால் எழுப்பிவிடுவான், ஆட்கள் இரண்டு மடங்கு உஷாராவார்கள். ரோந்து வராத அறைக்கு இழுத்துச்சென்று போடுங்கள். ஹியூமன் ரெவலூஷனில் கணினியை ஹேக் செய்யும்போது நேரம் நிற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் திரையைப் பார்த்திருக்க, முதுகுக்குப் பின்னால் ரோந்து தொடரும். முதலில் ஒரு முழுச் சுற்றைப் பார்த்து, அவன் திரும்பி வர எத்தனை வினாடி என்று எண்ணிக்கொண்டு கை வையுங்கள்.

கரவு என்பது தாமதமும் அல்ல. அதே விளையாட்டின் முதல் பெரிய பணியில், அவசரம் என்று சொல்லியும் அலுவலகத்தில் சுற்றிக்கொண்டு நின்றால், நீங்கள் போய்ச் சேருமுன் பணயக்கைதிகள் இறந்துவிடுவார்கள்.

சைபர்பங்க் இந்தச் சொல்லுக்குச் சேர்த்தது வேறொன்று. எதிரியின் கண்ணே இயந்திரம். 2020இல் வந்த ‘சைபர்பங்க் 2077’இல் எதிரியின் விழிக்கருவியைத் தூரத்திலிருந்தே மறுதொடக்கம் செய்து, சிறிது நேரம் குருடாக்கலாம். மறைவது உங்கள் உடல் அல்ல, மறைக்கப்படுவது அவன் பார்வை. இதற்குக் கரவு என்றால் முழுதாகப் பொருந்தாது. தமிழில் ஏற்கெனவே இருக்கும் கண்கட்டு என்ற சொல் அளந்து வைத்ததுபோல இருக்கும்.

ஒற்றாடல் என்று குறளில் ஓர் அதிகாரம் இருப்பதால், அதே வார்ப்பில் இந்த விளையாட்டு முறையைக் கரவாடல் எனலாம். வினைக்குக் கரந்து போ. அகப்பட்டால் ‘கரவு குலைந்தது’. பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்கு மட்டும், வழக்கம்போல, “களவாப் போ”.