மழை பெய்தால் டிரிப் ஆகும் ஆர்சிசிபி: கழற்றிவிடலாமா?

“மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் குவார்ட்டர்ஸில் டிரிப்பர் விழுந்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார். துறை ஆய்வகத்திலும் இதே தொல்லை. செய்யலாமா?” பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூடவே கூடாது. நீங்கள் டிரிப்பர் என்று சொல்வதுதான் ஆர்சிசிபி; மின்சாரம் தரைக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சுவர் ஊறும், தரை ஈரமாகும், கால் ஈரமாகும். அந்தக் கருவி வருடத்தில் எப்போதாவது உங்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அது பெரும்பாலும் இந்த மூன்று மாதங்களில்தான்.

மெயின் போர்டில் வரிசையாக இருக்கும் எம்சிபிகள் என்னும் சிறு சுவிட்சுகள் மனிதர்களுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க வைக்கப்பட்டவை. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் மின்னோட்டம் போனால்தான் அசையும். ஈரமான உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். எம்சிபியின் எல்லையோ 16,000 மில்லி ஆம்பியர். ஈரக்கையோடு பழுதான கிரைண்டரைத் தொட்டு ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும், எம்சிபியைப் பொறுத்தவரை 50 வாட் பல்பு ஒன்று எரிகிறது, அவ்வளவுதான். அது விழாது.

உடம்புக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து? 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஜியல், தன்னார்வலர்களை வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்: எந்த அளவு வரை பிடித்த கம்பியைத் தானாக விட முடியும்? ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, கம்பியை விடவே முடியாது. கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் அமெரிக்க வடிவத்தை 1961-ல் உருவாக்கியவரும் இவர்தான். உடனடியாக ஒரு பொருளாக மாறாத இப்படிப்பட்ட அடிப்படை அளவீடுகளுக்குப் பல்கலைக்கழகங்கள் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாமல் எத்தனை மில்லி ஆம்பியரில் துண்டிப்பது என்று யாராலும் முடிவு செய்திருக்க முடியாது.

இனி ஆர்சிசிபிக்குள் போவோம். உள்ளே வளையல் போல ஓர் உலோக வளையம். பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அதன் நடுவே போகின்றன. பேஸில் 10 ஆம்பியர் போனால் நியூட்ரலில் 10 ஆம்பியர் திரும்பவேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும்; வளையத்தில் மிச்சம் பூஜ்யம். ஏசி, கெய்சர், மோட்டார் எல்லாம் ஓடினாலும் பூஜ்யம்தான். ஆனால் உங்கள் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் தரைக்குப் போய்விட்டால், திரும்பி வருவதில் அவ்வளவு குறையும். அழியாமல் எஞ்சும் அந்தச் சிறு காந்தப்புலம், வளையத்தின்மீது சுற்றிய மெல்லிய சுருளில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும். 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை ஒரு வளையமும் கொஞ்சம் செம்புக் கம்பியும் கண்டுபிடித்துவிடுகின்றன. நல்ல மின்காந்த வகை ஆர்சிசிபியில் இதற்கு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது.

சரி, இவ்வளவு பலவீனமான மின்னோட்டம் அந்தக் கனமான சுவிட்சை எப்படித் தள்ளுகிறது? தள்ளுவதே இல்லை. உள்ளே ஒரு சிறு இரும்புத் தகட்டை நிலைக்காந்தம் ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங் அதை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காந்தத்தின் பிடி ஸ்பிரிங்கின் இழுப்பைவிடச் சற்றே அதிகம், மயிரிழை வித்தியாசம். சுருளில் வரும் மின்னோட்டம் செய்வதெல்லாம் காந்தத்தின் பிடியை ஒரு கணம் தளர்த்துவதுதான். தகடு விடுபடும், பூட்டு அவிழும், பெரிய ஸ்பிரிங் தொடர்புகளைப் பிய்த்துப் பிரிக்கும். பிரிப்பதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? கடைசியாக லீவரை மேலே தூக்கியபோது உங்கள் விரல் அந்த ஸ்பிரிங்கில் சேமித்துவைத்தது. எத்தனை மாதமானாலும் அது அங்கேயே காத்திருக்கும்.

இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உடம்பில் 30-க்கு மேல் பாயாது என்று நினைக்கிறார்கள். பாயும். ஈரக்கையில் அதே 230 மில்லி ஆம்பியரும் பாயும், ஷாக் நன்றாகவே அடிக்கும். கருவி குறைப்பது அளவை அல்ல, நேரத்தை. கசிவு 150 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 40 மில்லி வினாடிக்குள் அது துண்டித்தாக வேண்டும் என்பது தரவிதி. ஓர் இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய 800 மில்லி வினாடி. மின்னோட்டம் ஒரு முழுத் துடிப்பைத் தாண்டி நீடித்தால், 50 மில்லி ஆம்பியர் அளவிலேயே இதயம் தாளம் கெட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். ஒரு துடிப்பின் சிறு பகுதிக்குள் முடிந்துவிட்டால் அந்த எல்லை பல மடங்கு உயர்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் உயிர் பிழைக்கிறது.

போர்டில் ‘டெஸ்ட்’ அல்லது ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளேயுள்ள ஒரு மின்தடை வழியாகச் செயற்கைக் கசிவு உண்டாகும், லீவர் விழவேண்டும். தகடும் காந்தமும் தொடும் பரப்புகள் மிக நுண்மையாக மெருகேற்றப்பட்டவை. தூசி, ஈரம், கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று, கெட்டியாகிப்போன கிரீஸ் எதுவானாலும் அவை ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அசைத்துக்கொடுத்தால் ஒட்டாது. மழைக்கு முன்னால் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் புதிது வாங்குங்கள். ஆனால் இந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தைத் தனியாகத்தான் அளக்கவேண்டும். எர்த் சரியாக இருந்தால் பழுதான கெய்சர் நீங்கள் தொடுவதற்கு முன்பே டிரிப் ஆகும். இல்லாவிட்டால் நீங்கள் தொடும்போதுதான் ஆகும்.

வாசகர் வீட்டில் கருவி பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கசிவு எங்கே என்று பிடிக்க, எல்லா எம்சிபிகளையும் இறக்குங்கள், எல்லா பிளக்குகளையும் உருவுங்கள், ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் கோளாறு. எதுவும் விழவில்லையா? பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மழைக்காலத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை: கேட் விளக்கு, காலிங் பெல் சுவிட்ச், மொட்டைமாடி மோட்டார் பெட்டி, ஏசியின் வெளி யூனிட், உறை அரித்த கெய்சர் காயில்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். ஊறிய சுவருக்குள் நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டால், அந்த எம்சிபியை இறக்கிவைத்தாலும் வேறு அறையில் அயர்ன்பாக்ஸ் போட்டதும் ஆர்சிசிபி விழும். திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாக ஒழுகுவதுதான் காரணம். எலக்ட்ரீஷியன்கள் குழம்பிப்போய் “பாக்ஸே ரிப்பேர்” என்று சொல்வது பெரும்பாலும் இங்கேதான். சர்க்யூட்டின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரித்து, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் எர்த்துக்கு எதிராக அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கோளாறு அங்கேதான்.

ஆய்வகத்தில் கதை கொஞ்சம் வேறு. ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையும் இயல்பாகவே சுமார் 1 மில்லி ஆம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-லிருந்து 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 20 கணினிகளை ஒன்றில் கட்டினால் ஈரமே இல்லாமலும் விழலாம். எட்டுப் பத்தோடு நிறுத்தி, அடுத்ததற்குத் தனி ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். மாதிரிகள் வைத்திருக்கும் டீப் ஃப்ரீசருக்குக் கட்டாயம் தனி இணைப்பு வேண்டும். பக்கத்து மேசை வாட்டர் பாத் கசிந்ததால் பல வருட ஆராய்ச்சி உருகிப்போகக் கூடாது. புதிதாக வாங்கும்போது ‘டைப் ஏ’ கேளுங்கள். எல்இடி, கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவு முழு அலையாக வராமல் அரை அலையாக வரலாம். பழைய ‘டைப் ஏசி’ கருவி அதைத் தவறவிடக்கூடும்.

அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டால் மெயினை இறக்கினால் மட்டும் போதாது. யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அவற்றின் அவுட்புட்டையும் நிறுத்துங்கள். மெயினுக்கு அருகிலுள்ள ஆர்சிசிபி இன்வெர்ட்டர் மின்சாரத்தைக் கவனிக்காது. அந்த லைனுக்குத் தனியாக ஒன்று வேண்டும். தண்ணீரில் நின்றபடி எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. நனைந்து, ஓட்டை விழுந்த செருப்பு மின்கடத்திதான். ஆயுத பூஜைக்குப் போர்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் வெளிக்கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரமான சந்தனம் லீவர் இடுக்கில் இறங்கினால் கருவி சிக்கிக்கொள்ளக்கூடும்.

யாராவது ஷாக்கில் சிக்கினால் முதலில் மெயினை இறக்குங்கள். மின்சாரம் நின்றபின் அவரைத் தொடலாம். “உடம்பில் கரண்ட் இருக்கும், தொடாதே” என்று தடுப்பவர்களை நம்பாதீர்கள். மின்னல் தாக்கியவரையும் உடனே தொட்டுத் தூக்கலாம். உடம்பு மின்சாரத்தைச் சேமித்து வைக்காது. மூச்சில்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பு நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

ஆர்சிசிபியின் காவல் உங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். அங்கேயும், பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளில் பிடித்தால் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், அது விழாது. தெருவோரப் பில்லர் பாக்ஸ், அறுந்து கிடக்கும் கம்பி, அவற்றைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் இவற்றுக்கும் அது பொறுப்பேற்காது. பணிக்குப் போகும் வழியில் அப்படி எதையாவது பார்த்தால் பத்து மீட்டருக்கு அப்பால் விலகி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். சப்ளையை நிறுத்தும் வரை மற்றவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.