சதுப்பில் மரம் நடாதீர்கள்

சதுப்பில் மரம் நட்டிருப்பதை இந்த வருடம் நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. ஊட்டியைத் தாண்டி ஒரு பள்ளத்துக்கு ஆசையாகக் கூட்டிப்போனார்கள். "சும்மா கிடந்த இடம் சார், ஐந்நூறு கன்று வெச்சிருக்கோம்." கால் வைத்ததும் கணுக்கால் வரை இறங்கியது. தண்ணீர் வடியட்டும் என்று நடுவே ஜேசிபி விட்டு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வெட்டிப் போட்ட கரிய மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். மழை விட்டுப் பதினைந்து நாள் ஆகியும் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

சும்மா கிடந்த இடமா அது? புல் மட்கி அடுக்கடுக்காய்ச் சேர்ந்த மண். நீலகிரிச் சதுப்புகள் சிலவற்றில் அடியடுக்கு 20,000 ஆண்டுகளுக்கும் பழையது. வாய்க்கால் வெட்டினால் காய்ந்து வீணாகிவிடும், கோடையில் கீழே ஓடையும் வற்றும்.

மரமில்லாத மலை மொட்டை மலை என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன்! இந்த உச்சிமலையில் மடிப்புகளில் சோலைக்காடு, சரிவில் புல், பள்ளத்தில் சதுப்பு. இதுதான் இயல்பு. யாரோ காட்டை அழித்ததால் வந்த புல் இல்லை. வரையாடும் தோடர் எருமையும் மேய்வது இந்தப் புல்லைத்தான். தோடர் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது. வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று நினைத்துக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்தார்கள். பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று நாமும் மலை மலையாய் நட்டோம். புல்வெளியில் பெரும்பகுதி அப்படித்தான் போனது.

"சோலை மரமாவது வைக்கலாமே?" வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்த வெளியில் கன்று கருகிவிடும். அதன் இடம் சோலை ஓரம்.

சீகையை வெட்டினால் மட்டும் போகாது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய கிளைகளை அங்கேயே கொளுத்தாதீர்கள், சூடு பட்டால் அத்தனை விதையும் முளைத்து எழும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது நாற்றை வேரோடு பிடுங்குங்கள், வருடா வருடம். பெரிய மரமென்றால் அனுமதி வாங்காமல் தொடவே தொடாதீர்கள். காலியான இடத்தில் ஜூன் மழை தொடங்கியதும் உள்ளூர்ப் புல் தூர்களை நடுங்கள். ஒரே மேட்டிலிருந்து மொத்தமாகப் பெயர்த்து வராதீர்கள், அங்கே மண் அரித்துவிடும்.

அந்தப் பள்ளத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்றுகள் இன்னும் வேர் பிடிக்கவில்லை, இந்த வாரமே எடுத்து ஊருக்குள் வீட்டோரம் வையுங்கள். கரையில் குவித்த கரிமண் காய்வதற்குள் அதை வைத்தே வாய்க்காலை அடைக்க வேண்டும். மண்வெட்டியோடு நானும் வருகிறேன்.