சூடான காற்றால் உடம்பைக் குளிரவைக்கலாம்

மக்காவில் வெயில் தாக்கி மயங்கிய ஹஜ் பயணிகள் மேல் சூடான காற்றை வீசுவார்களாமே, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீசியது உண்மைதான்.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். பாராசிட்டமால் உதவாது. காய்ச்சலில் மூளையே வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இங்கே மூளை எதையும் உயர்த்தவில்லை. சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் அதை வெளியேற்றியாக வேண்டும்.

1980-ல் வைனர், கோகாலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். நோயாளியை வலைக்கட்டிலில் கிடத்தி, 15 டிகிரி நீரைப் புகைபோலத் தெளித்து, வெதுவெதுப்பான காற்றை வீச வேண்டும். நம் மண்பானையின் வேலைதான் இது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரிதான் எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கலோரி போய்விடும். கணக்குப் போட்டால், 70 கிலோ ஆளுக்கு 1 டிகிரி குறைய 100 மில்லி நீர் ஆவியானால் போதும், அரை டம்ளர்! வழிந்து தரையில் சொட்டும் நீர் இந்தக் கணக்கில் வராது.

சரி, காற்று ஏன் சூடாக? தோல் சில்லிட்டால் அதன் ரத்தக்குழாய்கள் சுருங்கும், நடுக்கம் எடுக்கும், நடுக்கமே புதுச் சூட்டை உண்டாக்கும். தோலை 32 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால் குழாய்கள் விரிந்தே இருக்கும். ரத்தம் உள்ளேயிருக்கும் சூட்டைச் சுமந்துவந்து தோலில் இறக்கிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு அழகான யோசனையையும் ஒரு முரட்டு வழி வேகத்தில் தோற்கடித்துவிட்டது: ஐஸ் தண்ணீர்த் தொட்டி. குழாய்கள் சுருங்கத்தான் செய்கின்றன. ஆனால் நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சுமார் 5 நிமிடத்துக்கு 1 டிகிரி இறங்கும். அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இப்படிச் சிகிச்சை தந்தார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். 39 டிகிரிக்கு அருகில் வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் நீர் சரியாக ஆவியாகாது, ஆகவே நமக்கும் தொட்டிதான் பொருத்தம். தொட்டி இல்லையா, தார்ப்பாயை நான்கு பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கொட்டலாம். விற்று லாபம் பார்க்க முடியாத இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் தாராளமாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல். பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் வெயில் தாக்காது என்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுபவரை மட்டும் தடுத்துவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போகும். அதே செம்புத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை.