விருந்தோம்பல்: சபையில் ‘ஹாஸ்பிடாலிட்டி’க்கு எது சரியான தமிழ்?

ஆராதனை அறிவிப்பில் ‘ஹாஸ்பிடாலிட்டி கமிட்டி’ என்று வாசித்துவிட்டுப் போய்விடலாம். தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ஒருவர் ‘உபசரிப்புக் குழு’ என்பார், இன்னொருவர் ‘வரவேற்புக் குழு’ என்பார். ‘விருந்துக் குழு’ என்று எழுதினாலோ, அடுத்த வாரமே சமையல் பாத்திரங்களின் சாவி அவர்கள் கைக்கு வந்துவிடும். இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். எந்தச் சொல்லை எழுதுகிறோமோ அந்த வேலைதான் நடக்கும், மற்றவை விட்டுப்போகும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பிலொக்செனியா’. ‘பிலோஸ்’ என்றால் நேசமுள்ளவர், ‘க்செனோஸ்’ என்றால் அயலார். அயலார் மேல் வைக்கும் நேசம் என்பதே நேர்ப்பொருள். பெயர்ச்சொல்லாக ரோமர் 12:13, எபிரெயர் 13:2 ஆகிய இரண்டே இடங்களில் வருகிறது. அதன் பெயரடை வடிவம் 1 தீமோத்தேயு 3:2, தீத்து 1:8, 1 பேதுரு 4:9 என்று மூன்று இடங்களில் வருகிறது. அயலாரைக் கண்டு அஞ்சுவதையும் வெறுப்பதையும் குறிக்கும் ‘ஜீனோஃபோபியா’ இதே ‘க்செனோஸி’ல் பிறந்த எதிர்ச்சொல்.

‘க்செனோஸ்’ ஒரு விசித்திரமான சொல். அயலார், விருந்தினர் இருவரையும் அது குறிக்கும். போதாதென்று வீட்டுக்காரரையும் குறிக்கும். ரோமர் 16:23இல் ‘என்னையும் சபையனைத்தையும் உபசரித்துவருகிற காயு’ என்று தமிழில் படிக்கிறோமே, அங்கே காயுவுக்குப் பவுல் போடும் பெயர் ‘க்செனோஸ்’தான். லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லும் இப்படியே இருபுறமும் போகும். ஹாஸ்பிடாலிட்டி, ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் அதன் வழிவந்தவை. ஹாஸ்பிட்டல் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நான்காம் நூற்றாண்டில், ஏறத்தாழ 370ஆம் ஆண்டையொட்டி, செசரியாவின் ஆயர் பசிலியார் நகருக்கு வெளியே ஓர் இல்லம் அமைத்தார். வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் நோயாளிக்குச் சிகிச்சையும் அங்கே ஒரே வளாகத்தில் கிடைத்தன.

இனி தமிழ்ப் பக்கம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘உபசரித்தல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. ‘அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு’ என்பது பலருக்கும் மனப்பாடம். உபசாரம் வடமொழிச் சொல், அருகே சென்று பணிவிடை செய்வது. இதில் ஒரு குறை இருக்கிறது: அயலார் என்ற பொருள் சொல்லுக்குள் இல்லை. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அந்நியரை’ என்று தனியாக ஒரு சொல்லை முன்னால் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு ‘உபசரிப்பு’ என்று மட்டும் சொன்னால், தெரிந்தவருக்கு மரியாதை செய்வதும் அதில் அடங்கிவிடும். 2 கொரிந்தியர் 3:1இல் அறிமுகக் கடிதங்களை ‘உபசார நிருபங்கள்’ என்று அதே மொழிபெயர்ப்பு சொல்வதைப் பாருங்கள். உபசாரம் என்றால் மரியாதை என்ற பொருள் அங்கே மேலே மிதக்கிறது.

‘விருந்து’ அப்படியில்லை. அதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் நூலுக்குரிய எட்டு வனப்புகளில் ஒன்றுக்கு ‘விருந்து’ என்று பெயரிடுகிறது. புதிதாகப் புனைந்த யாப்பு அது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருக்குறள் உரையில் பரிமேலழகர் ‘புதுமை’ என்ற பொருள் ஆகுபெயராய்ப் புதியவராக வந்தவர்மேல் நின்றது என்று விளக்குகிறார். அவர்களையும் இரு வகையாகப் பிரிக்கிறார்: முன்னமே அறிமுகம் இருப்பதால் நம்மைக் குறித்து வந்தவர், அறிமுகம் இல்லாமல் குறியாது வந்தவர். ‘ஓம்பு’ என்றால் பேணு, காப்பாற்று. ஆக விருந்தோம்பல் என்பது புதியவரைப் பேணுதல். கிரேக்கச் சொல்லின் இரண்டு பாதியும் இதில் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன; ‘அந்நியரை’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 43ஆம் குறள் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது ‘விருந்துஒக்கல்’ என்று சொல்கிறது. விருந்து வேறு, ஒக்கலாகிய சுற்றம் வேறு. எபிரெயர் 13ஆம் அதிகாரமும் இதையேதான் செய்கிறது. முதல் வசனத்தில் ‘பிலதெல்பியா’, சகோதர சிநேகம். இரண்டாம் வசனத்தில் ‘பிலொக்செனியா’. சொந்தச் சபையார் ஒன்றுகூடிச் சாப்பிடுவது முதல் வசனத்தின் வேலை, அதற்கு ‘ஐக்கிய விருந்து’ என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதை நடத்திவிட்டு இரண்டாம் வசனமும் முடிந்தது என்று கணக்கு எழுதுவதுதான் சபைகளில் அதிகம் நடக்கும் தவறு. லூக்கா 14:12இல் சிநேகிதர், சகோதரர், பந்து ஜனங்கள், பணக்கார அயலகத்தார் என்று பெயர்சொல்லி, அவர்களை அழைக்க வேண்டாம் என்று இயேசு சொல்வதும் இந்தக் குழப்பத்தைத்தான் குறிவைக்கிறது.

‘பேதுரு ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்கிறாரே, அது சபைக்குள்தானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிருபம் ஐந்து நாடுகளில் ‘சிதறியிருக்கிற பரதேசிகளுக்கு’ எழுதியது. ஒரே விசுவாசம் என்பதைத் தவிர முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிய காலம் அது. ‘முறுமுறுப்பில்லாமல்’ என்ற நிபந்தனை ஏன் வந்தது என்பது, வந்தவர் நாலாம் நாளும் கிளம்பாத வீட்டாருக்கு விளங்கும். (பரதேசி, அதாவது வேற்று நாட்டார், தமிழில் வசைச்சொல்லாகிப்போனது தனிக்கதை.)

சரி, வேலைக்கு வருவோம். 90ஆம் குறளில் மோந்தால் குழைவது அனிச்சம், முகம் திரிந்து நோக்கினாலே குழைவது விருந்து. இதற்கு உரை எழுதும் பரிமேலழகர், விருந்தோம்புவார்க்கு இன்றியமையாதவை மூன்று என்கிறார்: தொலைவில் கண்டபோது இன்முகம், நெருங்கி வந்தபோது இன்சொல், உடன்பட்டபோது நன்று ஆற்றல். முதலாவது இல்லையென்றால் வந்தவர் தொலைவிலேயே வாடித் திரும்பிவிடுவார் என்பது அவர் கணக்கு. சபை வாசலுக்கு இதைவிடத் தெளிவான வேலைப்பட்டியல் கிடைப்பது கடினம்.

இன்முகம். ஆபிரகாம் கூடாரவாசலில் இருந்தபடி மூன்று பேரைக் கண்டதும் எழுந்து எதிர்கொண்டு ஓடினார். அவர்கள் வந்து தட்டும்வரை காத்திருக்கவில்லை. ஆலயத்தில் ஒரு வாசலுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியே, வருகிறவர் தூரத்திலேயே பார்க்கும்படி, மற்றவர் உள்ளே, இருக்கை காட்ட. ஆராதனைக்கு 20 நிமிடம் முன்பே நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், தொடங்கிய பிறகும் 15 நிமிடம் நிற்பது. புதியவருக்கு வழி தெரியாது, எந்த வாசல் என்றும் தெரியாது. தாமதமாக வருகிறவர்களில் அவரும் இருப்பார். முதல் பாட்டு தொடங்கியதும் வரவேற்பாளர்கள் உள்ளே போய்விட்டால், யாருக்காக நின்றார்களோ அவர் வரும்போது வாசல் காலியாக இருக்கும். இன்னொரு சிறு பிழையும் உண்டு. இரண்டு வரவேற்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்று பேசுவார்கள், வருகிறவருக்குத் தெரிவது இரண்டு தோள்கள்தான். இருவரும் வெளியே பார்த்து நின்றாலே பாதி சரியாகிவிடும்.

இன்சொல். முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டு அவர் பெயரைக் கேட்கலாம். ‘முதல் தடவையா வர்றீங்களா?’ என்பது ஆபத்தான கேள்வி. பத்து வருட உறுப்பினராக இருந்துவிட்டால் இருவருக்கும் சங்கடம். ‘நான் உங்களை இதுவரை பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்’ என்றால் தப்பு தன்மேல் விழும். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். கேட்பவருக்கு அது பாசம்தான், ஆனால் புதியவரைச் சுற்றத்துக்குள் கொண்டுவந்த பிறகே அவரோடு பேசுவேன் என்ற தேர்வு அதில் ஒளிந்திருக்கிறது. எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவதும் பலரைத் திரும்ப வராமல் செய்துவிடும். கூச்சமுள்ளவருக்கு அது வரவேற்பு அல்ல, விசாரணை.

இருக்கை விஷயத்தில் யாக்கோபு 2:3 நேராகவே பேசுகிறது: மினுக்கான வஸ்திரக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு ‘நீ அங்கே நில்லு’. இன்றைக்கு அது நுட்பமாக நடக்கிறது. பழகியவர்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள், நடு இடம் காலியாக இருக்கும். புதியவர் நாலு பேர் முழங்காலைத் தாண்டிப் போகத் தயங்கிக் கடைசியில் நிற்பார். சபையார் உள்ளே நகர்ந்து ஓரத்தை விட்டுவைப்பதே தீர்வு. சக்கர நாற்காலிக்கு இடம் விடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் விடாமல், நடுவரிசை ஒன்றைக் குறுக்கி விட்டால் அவர் குடும்பத்தோடு உட்காரலாம். திருவிருந்து நாளில் யார் பங்கெடுக்கலாம், பங்கெடுக்காதவர் என்ன செய்யலாம் என்பதை நடத்துபவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். விருந்து என்று பெயர் வைத்துவிட்டு, வந்தவரை எழுவதா இருப்பதா என்று தவிக்க விடக் கூடாது.

நன்று ஆற்றல். ஆசீர்வாதம் முடிந்த அடுத்த பத்து நிமிடம்தான் இதற்கு நேரம். அந்த நேரத்தில் கமிட்டிக் கணக்கையும் பாடகர் ஒத்திகையையும் பேசுவதில்லை என்று சபை ஒரு தீர்மானம் செய்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்பது அழைப்பாகாது. கிழமையும் நேரமும் சொல்ல வேண்டும், எதைச் சாப்பிடமாட்டார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவு எளிமையாக இருக்கட்டும், தடபுடல் செய்தால் அடுத்த அழைப்பு ஆறு மாதம் தள்ளிப்போகும். ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு நாளுக்குள், ஒருவரிடமிருந்து மட்டும். ஐந்து பேர் அடித்தால் அது துரத்தல். ரோமர் 12:13இல் ‘நாடுங்கள்’ என்று வரும் கிரேக்க வினைக்குத் துரத்துவது என்ற பொருளும் உண்டு. அதே வினை அடுத்த வசனத்தில் துன்பப்படுத்துவதற்கு வருகிறது. எல்லை எங்கே என்பதை வேதமே பக்கத்தில் வைத்திருக்கிறது.

எல்லை என்றதும் சொல்ல வேண்டியது: விருந்தோம்பல் என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. ஆதிச் சபையின் ஒழுங்குநூலான ‘திதாகே’, வழிப்போக்கர் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கலாம், அங்கேயே இருக்க விரும்பினால் வேலை செய்து சாப்பிடட்டும் என்கிறது. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்து பணம் கேட்பவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று அடித்துச் சொல்கிறது. இன்றைய சபைக்கும் இது பொருந்தும்: புதியவருக்கு உடனே சாப்பாடும் இருக்கையும் கொடுக்கலாம், சிறுவர் வகுப்பையும் காணிக்கைப் பெட்டியையும் உடனே ஒப்படைக்கக் கூடாது. துறவி மடங்களுக்கான ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்கு (53ஆம் அதிகாரம்) விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவைப் போல ஏற்கச் சொல்லிவிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களால் துறவிகளின் வாழ்க்கை குலையாதபடி தனிச் சமையலறை வைக்கச் சொல்கிறது. அதற்கு ஆண்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஏழைகளையும் பயணியரையும் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வதும் அந்த அதிகாரம்தான். பணக்காரருக்கு மரியாதையை அவர்மேலுள்ள அச்சமே வாங்கிக் கொடுத்துவிடும் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது.

‘ஏற்றுக்கொள்ளுதல்’ (ரோமர் 15:7) வேறு சொல், வேறு வேலை. அதை எந்தக் குழுவுக்கும் பெயராக வைக்க முடியாது. முழுச் சபையும் மாதக்கணக்கில் செய்வது அது. புதியவர் பெயர் வேதபாடம் வாசிப்போர் அட்டவணையில் ஏறும்போதுதான் அது நடந்ததா என்பது தெரியும்.

கடைசியாக, அறிவிப்புப் பலகையில் எழுத: வாசலில் நிற்பவர்கள் ‘வரவேற்பாளர்கள்’, தேநீரும் உணவும் பார்ப்பவர்கள் ‘உபசரணைக் குழு’, இரண்டையும் சேர்த்த ஊழியம் ‘விருந்தோம்பல்’. பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ எபிரெயர் 13:2இல் விருந்தோம்புதலையே ஆள்கிறது, ஆகவே வேதாகமத் தமிழுக்கு அது புதிதல்ல. விருந்தோம்பு என்பதே வினைச்சொல்; ‘விருந்தோம்பல் செய்தார்கள்’ என்று நீட்டாமல் ‘விருந்தோம்பினார்கள்’ என்று எழுதலாம்.